என்னிலும் பிழை இருந்தால் நட்டஈடு இல்லையா?
விபத்தும் காப்புறுதியும் பற்றி ஒரு பாடம்



சொந்த மண்ணில் கமம் செய்தவனுக்குத் தோட்டம் வீட்டுப் படலைக்கு எதிரே இருந்தது. இடம்பெயர்ந்தவனுக்கோ அது பல மைல் தூரத்தில் இருக்கிறது. குத்தகைக் காணிக்குச் சைக்கிளில் போக வேண்டும். கூலி வேலைக்கு விடியப்புறம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போக வேண்டும். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு செல்ல இரவிலே கண்டி வீதியில் ஏற வேண்டும். இடம்பெயர்வு நம்மை வீதிக்குக் கொண்டுவந்தது. வீதி நம்மில் பலரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. பனையால் விழுந்தவனை மாடு ஏறி மிதித்தது போலத்தான் இது.

விபத்து நடந்தபின் இத்தகைய குடும்பங்கள் அநேகமாக ஒரே வசனத்தைக் கேட்கின்றன: "உங்கட ஆளிலும் பிழை இருக்கு." சைக்கிளுக்கு விளக்கு இல்லை, தலைக்கவசம் போடவில்லை, ஏற்கனவே சலரோகம் இருந்தது என்று காரணங்கள் அடுக்கப்படும். அதைக் கேட்டதும் குடும்பம் வாயடைத்துப் போகிறது. கையில் வைத்த சிறு தொகையை வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளில் கையொப்பமிட்டு விடுகிறது.

இந்தப் பாடத்தில் நாம் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் பக்கத்தில் ஒரு பிழையோ ஒரு நோயோ இருந்தது என்பதால் மட்டும் உங்கள் உரிமை முழுவதும் அழிந்துவிடாது. சில வேளை அது குறையும், சில வேளை சற்றும் குறையாது, சில வேளைகளில் மட்டுமே இல்லாமற் போகும். இவற்றில் எது நடக்கும் என்பது, நீங்கள் எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதையும், உங்கள் பக்கத்துக் காரணம் உண்மையில் எதை விளைவித்தது என்பதையும் பொறுத்தது.

மூன்று கதவுகள்

விபத்தில் காயப்பட்டவர் நட்டஈடு தேடித் தட்டக்கூடிய கதவுகள் மூன்று.

முதலாவது, பிழை செய்தவரிடம் கேட்பது. லொறியோ பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ மோதினால், அதன் சாரதியும் உரிமையாளரும் பொறுப்பாளிகள் ஆகலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாகனங்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆகையால் இறுதியில் பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனியே.

இரண்டாவது, காயப்பட்டவர் தாமே தவணைப் பணம் கட்டி எடுத்து வைத்த தனிநபர் விபத்துக் காப்புறுதி. வங்கிக் கடனோடும் குத்தகை வாகனத்தோடும் சேர்த்து இது எடுக்கப்பட்டிருக்கலாம். எடுத்தது தெரியாமலே இருப்பவர்களும் உண்டு.

மூன்றாவது, வேலை செய்யும்போது விபத்து நேர்ந்தால், வேலைகொள்வோரிடம் கேட்கும் வேலையாள் நட்டஈடு.

இம்மூன்றிலும் "உங்கள் பக்கத்துக் காரணம்" வெவ்வேறு விதமாக நிறுக்கப்படுகிறது. ஒரு கதவில் சொல்லப்படும் நியாயத்தை மற்றக் கதவிலும் அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நமது மக்கள் ஏமாறும் இடம்.

முதலாம் கதவு: பிழையைப் பங்கு பிரித்தல்

யாழ்ப்பாணத்தவர்க்குத் தேசவழமைச் சட்டம் உண்டு என்பதை அறிவோம். அது முதுசம், சீதனம், காணி போன்றவற்றைப் பற்றியது. விபத்தினால் வரும் நட்டத்துக்கு, இலங்கை முழுவதற்கும் பொதுவான உரோம டச்சுச் சட்டமே அடிப்படை.

அந்தச் சட்டத்தின் வேர் பழைய உரோமாபுரியில் இருக்கிறது. அங்குள்ள சட்ட அறிஞர்கள் ஒரு வழக்கை விவாதித்தார்கள். சிலர் பந்து விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அருகே ஒரு நாவிதர் இருந்து ஓர் அடிமைக்குச் சவரம் செய்கிறார். பந்து வந்து நாவிதரின் கையில் மோத, கத்தி கழுத்தை வெட்டிவிடுகிறது. பிழை யாருடையது? பந்தை அடித்தவனுடையதா? விளையாட்டு நடக்கும் இடத்தில் கடை போட்ட நாவிதருடையதா? அல்லது அப்படிப்பட்ட ஆபத்தான இடத்திலே போய்க் கழுத்தைக் கொடுத்தவனுடையதா? மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். காயப்பட்டவனுடைய பங்கையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

பிற்காலத்தில் ஆங்கில நீதிமன்றங்கள் இதைக் கடுமையாக்கின. 1809இல் ஒரு வழக்கு. ஒருவர் வீதியின் குறுக்கே தடி ஒன்றைப் போட்டிருந்தார். இன்னொருவர் குதிரையை மிக வேகமாக ஓட்டிவந்து அதில் மோதி விழுந்தார். தடி போட்டது பிழைதான். ஆயினும், கவனமாக வந்திருந்தால் தடியைக் கண்டிருக்கலாம் என்று சொல்லி, விழுந்தவருக்கு ஒரு சதமும் இல்லை எனத் தீர்ந்தது. 1842இல் வேறொரு வழக்கு. ஒருவர் தமது கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி வீதியோரம் மேயவிட்டிருந்தார். வேகமாக வந்த வண்டி அதை மோதிக் கொன்றது. கழுதையை அங்கே விட்டது சரியல்ல. ஆனாலும் வண்டிக்காரர் சாதாரண கவனத்தோடு வந்திருந்தால் மோதாமல் தவிர்த்திருக்கலாம். எனவே சொந்தக்காரருக்கு நட்டஈடு கிடைத்தது.

இரண்டு தீர்ப்புகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: கிடைத்தால் முழுவதும், இல்லையேல் ஒன்றுமில்லை. இடைவழி கிடையாது. நம் நாட்டிலும் முன்னர் இந்நிலைதான் இருந்தது. "உன்னிலும் பிழை, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை" என்ற பேச்சு அந்தக் காலத்தின் எச்சம்.

இதை மாற்றியது 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பங்களிப்புக் கவனயீனம் பற்றிய சட்டச் சீர்திருத்தம் அது. அதன் சாரம் இது: ஒருவருக்கு நேர்ந்த கேடு ஓரளவு தன் பிழையாலும் ஓரளவு பிறர் பிழையாலும் விளைந்திருந்தால், தன் பிழையைக் காரணம் காட்டி அவருடைய கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது. நீதிமன்றம் அவரது பிழையின் அளவை ஆராய்ந்து, நியாயமெனக் காணும் அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கில்லாத சைக்கிளில் போன ஒரு கமக்காரரை, வேகமாக வந்த லொறி மோதிவிடுகிறது. கால் முறிந்தது, ஒரு போகம் போயிற்று. மொத்த நட்டம் 10 இலட்சம் ரூபா என நிரூபிக்கப்படுகிறது. கமக்காரரின் பிழை 30 வீதம் என்று நீதிமன்றம் கண்டால், அவருக்கு 7 இலட்சம் கிடைக்கும். வீதியோரத்திலே 50,000 ரூபாவை வாங்கிக்கொண்டு கையொப்பமிட்டவர் எவ்வளவை இழந்தார் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

பிழை எதை விளைவித்தது?

பிழை ஒன்று இருந்தது என்பது மட்டும் போதாது. அது விபத்தையோ காயத்தையோ விளைவித்ததா என்று கேட்க வேண்டும். பட்டப்பகலில் நடந்த மோதலுக்குச் சைக்கிளில் விளக்கில்லாதது ஒரு காரணமே அல்ல. தலைக்கவசம் அணியாதவருக்குக் கால் முறிந்தால், தலைக்கவசம் இல்லாமை அந்த முறிவோடு தொடர்பற்றது.

இதை மிகத் தெளிவாக விளக்கிய தீர்ப்பு 1975இல் இங்கிலாந்தில் டெனிங் பிரபு வழங்கியது. காரில் ஆசனப்பட்டி அணியாத ஒருவர், பிறர் பிழையால் நடந்த மோதலில் காயப்பட்டார். பட்டி அணியாதது மோதலுக்குக் காரணமல்ல. ஆனால் காயத்துக்குக் காரணமாகலாம் என்றார் நீதிபதி. பட்டி அணிந்திருந்தால் காயமே வந்திராது எனில் 25 வீதம் குறைக்கலாம். காயம் குறைந்திருக்கும் எனில் 15 வீதம். அணிந்திருந்தாலும் இதே காயந்தான் எனில் எதுவும் குறைக்கக் கூடாது. இது ஆங்கில அளவுகோல். நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் விதியல்ல. ஆயினும் இதில் உள்ள தர்க்கம் எங்கும் பொருந்தும்.

பிள்ளைகளை வளர்ந்தவர்களின் தராசில் நிறுக்கக் கூடாது. 1966இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. லொறிச் சாரதி ஒருவர் கைகாட்டி வீதியைக் கடக்கும்படி சொன்னதை நம்பி, 13 வயதுச் சிறுமி கடந்தாள். பின்னால் வந்த கார் அவளை மோதியது. பக்கம் பார்க்காமல் கடந்தது அவள் பிழை என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கத்தக்க கவனமே அளவுகோல் என்றது.

நோய் இருந்தவரை மோதினால்?

இங்கே பிழையல்ல, உடல்நிலையே துணைக் காரணமாக வருகிறது. முதலாம் கதவில் விதி தெளிவானது: பிழை செய்தவர், தாம் காயப்படுத்தியவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும். 1962இல் தீர்க்கப்பட்ட ஓர் ஆங்கில வழக்கில், தொழிற்சாலையில் உருகிய உலோகம் தெறித்து ஒருவரின் உதடு சுட்டது. சிறிய சூடுதான். ஆனால் அவருடைய உடலில் புற்றுநோய்க்கான தன்மை ஏற்கனவே இருந்தது. சூடுபட்ட இடத்தில் புற்று வளர்ந்து அவர் இறந்தார். சாதாரண ஆளாயின் இறந்திருக்க மாட்டார் என்ற வாதம் எடுபடவில்லை. வேலைகொள்வோர் மரணத்துக்கே பொறுப்பாயினர்.

ஆகவே மோட்டார் சைக்கிள் மோதிய காயம், சலரோகத்தால் ஆறாமல் காலை எடுக்க நேர்ந்தால், "அது சலரோகத்தின் வேலை" என்று கம்பனி சொல்வது போதிய பதிலாகாது. விபத்து இல்லாவிட்டாலும் எப்படியோ அந்தக் கால் போயிருக்கும் என்று வைத்தியச் சான்றால் காட்டினால் அது வேறு கதை.

இரண்டாம் கதவு: பொலிசியில் எழுதிய சொற்கள்

நாமே எடுத்த விபத்துக் காப்புறுதி ஓர் ஒப்பந்தம். இங்கே பிழையைப் பங்கு பிரிக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வேலையில்லை. நீங்கள் சற்றுக் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்பதற்காகத் தொகையை 30 வீதம் குறைக்க முடியாது. கவனக்குறைவால் வரும் ஆபத்துக்காகவும்தானே காப்புறுதி எடுக்கிறோம்! ஆனால் பொலிசியில் விலக்குகள் எழுதப்பட்டிருக்கும். மதுபோதை, வேண்டுமென்றே தேடிய காயம், யுத்தம் ஆகியன வழக்கமான விலக்குகள். விலக்கு பொருந்தினால் குறைப்பு இல்லை, முழு மறுப்புத்தான்.

யுத்த விலக்கு நமக்கு நேரே பொருந்துவது. கைவிடப்பட்ட காணியைத் துப்புரவாக்கும்போது மிதிவெடியில் கால் போனவருக்குத் தனிநபர் விபத்துப் பொலிசி உதவாமற் போகலாம். அத்தகையவர்கள் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இழப்பீட்டுக்கான அலுவலகத்தையும் நாட வேண்டும்.

மேலும், பல பொலிசிகளில் "வேறெந்தக் காரணத்தையும் சாராது, விபத்தினால் மட்டுமே நேர்ந்த உடற்காயம்" என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கும். இந்த "மட்டுமே" என்ற சொல்லில்தான் நோயாளிகளின் கோரிக்கைகள் தடக்கி விழுகின்றன. ஆங்கில நீதிமன்றங்கள் இதை எப்படி விளங்கின என்று பார்ப்போம்.

1880: ஓடையைக் கடந்துகொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்து, நீரில் விழுந்து மூழ்கி இறந்தார். நோயால் வந்த மரணம் என்றது கம்பனி. மரணத்துக்குக் காரணம் மூழ்கியதே, வலிப்பு அல்ல என்றது நீதிமன்றம். பணம் கிடைத்தது.

1881: ஒருவர் வலிப்பினால் ரயில் மேடையிலிருந்து தண்டவாளத்தில் விழ, ரயில் ஏறி இறந்தார். அதுவும் விபத்தே எனத் தீர்ந்தது.

1909: குதிரையிலிருந்து ஈர நிலத்தில் விழுந்து நனைந்த ஒருவருக்கு நியூமோனியாக் காய்ச்சல் கண்டு இறந்தார். விழுந்ததிலிருந்து மரணம் வரை இயல்பான ஒரே சங்கிலி என்று கூறி, விபத்தே காரணமெனத் தீர்த்தார்கள்.

1917: கனடாவிலிருந்து இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்ற வழக்கு. மணிக்கட்டு சுளுக்கிய ஒருவரின் உடலில் காசநோய் உறங்கிக்கிடந்தது. சுளுக்கு அதை எழுப்பியதால் கை பயன்படாமற் போயிற்று. உறங்கிக்கிடந்த நோயைத் தனிக் காரணமாகக் கொள்ள முடியாது என்று கூறி அவருக்குச் சார்பாகத் தீர்த்தார்கள்.

1969: இங்கே தராசு மறுபக்கம் சாய்ந்தது. கார் விபத்துக்குப் பின் ஒருவருக்கு மாரடைப்பு வந்தது. இருதயக் குருதிக் குழாய் ஏற்கனவே ஒடுங்கியிருந்தது. விபத்தும் அந்த ஒடுக்கமும் சேர்ந்தே மாரடைப்பை விளைவித்தன. ஆகவே "விபத்தினால் மட்டுமே" என்று சொல்ல முடியாது எனக் கோரிக்கை தள்ளப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? நோய் விபத்துக்கு இட்டுச் சென்றாலோ, உறங்கிக்கிடந்து விபத்தால் விழித்தாலோ, உரிமை நிலைக்க இடமுண்டு. நோய் விபத்தோடு தோளோடு தோள் நின்று அந்தக் கேட்டை விளைவித்தது எனக் கண்டால், உரிமை போகக்கூடும். ஆகவே வைத்தியர் அறிக்கையில் எழுதும் ஒரு வரி மிகப் பெறுமதியானது. மண்வெட்டி காலில் பட்டு, சலரோகத்தால் புண் ஆறாமல் விரலை எடுத்தவரின் அறிக்கையில் "சலரோகப் புண்" என்று மட்டும் இருந்தால், விபத்து கடதாசியிலிருந்து மறைந்துவிடும். காயம் எப்போது, எப்படி, எதனால் வந்தது என்பதை முதல் நாளே வைத்தியருக்குச் சொல்லி எழுதுவியுங்கள்.

அதே போல, பொலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் கேட்கும் நோய்களை மறைக்காதீர்கள். முகவர் "இல்லை என்று போடுவோம்" என்று சொன்னாலும் இணங்காதீர்கள். சொல்லிய நோயை வைத்து வாதாடலாம். மறைத்த நோய் பொலிசியையே செல்லாததாக்கிவிடக்கூடும்.

மூன்றாம் கதவு: வேலைத்தலத்து விபத்து

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு வேலைகொள்வோர் பொறுப்பு. வேலைகொள்வோரில் பிழை இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையாள் சாதாரணமாகக் கவனம் தவறினார் என்பதும் நட்டஈட்டைக் குறைக்காது. ஆனால் மதுபோதையில் இருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியன நேரடிக் காரணமாக இருந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம். "கவனம் தவறியது" வேறு, "வேண்டுமென்றே மீறியது" வேறு. சூடடிக்கும் இயந்திரத்தில் கை அகப்பட்டவரைப் பார்த்து முதலாளி முன்னதைப் பின்னதாகக் காட்ட முயன்றால் ஏற்காதீர்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. பெட்டியில் ஏறிக் கூலிக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. விபத்து நடந்த இடத்தில் "எல்லாம் என்ர பிழைதான்" என்று சொல்லாதீர்கள். பொய்யும் சொல்லாதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பங்கு பிரிப்பது நீதிமன்றத்தின் வேலை.

2. வாகன இலக்கம், காப்புறுதிக் கம்பனியின் பெயர், கண்ட சாட்சிகளின் விபரம், வீதியின் நிலை, வெளிச்சம், ரயர் இழுபட்ட அடையாளம் ஆகியவற்றைக் குறியுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுங்கள்.

3. பொலிஸ் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் இடாதீர்கள்.

4. "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற கருத்துள்ள பற்றுச்சீட்டில், சட்டத்தரணியைக் கேளாமல் கையொப்பம் வேண்டாம். காயம் ஆறி முடியுமுன் நட்டத்தின் அளவு யாருக்கும் தெரியாது.

5. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றப்பணம் கட்டியதோடு எல்லாம் முடிந்ததென நினையாதீர்கள். அந்தப் பணம் அரசுக்குப் போவது. உங்கள் நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்கிட வேண்டும்.

6. கவனயீனத்தால் வந்த நட்டத்துக்குப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வழக்குப் பற்றிக் காப்புறுதிக் கம்பனிக்கு உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்கும்படி சட்டத்தரணியிடம் நினைவூட்டுங்கள்.

7. மருந்துச் சிட்டை, வைத்தியசாலை அட்டை, பயணச் செலவு, இழந்த கூலி, அழிந்த பயிர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் அல்லவா?

8. உங்கள் சொந்தப் பொலிசிக் கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பனியின் இறுதிப் பதிலும் திருப்தியில்லையெனில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கடைசியாக ஒன்று. பிழை பங்கு பிரிக்கப்படும் என்றால், நம் பங்கை முன்கூட்டியே குறைத்து வைப்பதும் நம் கையில்தான் உள்ளது. உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் தகடு, சைக்கிளுக்கு விளக்கு, தலைக்கவசம், வீதியில் காயவிட்ட நெல்லுக்கும் கட்டாத மாட்டுக்கும் ஒரு காவல்: இவை உயிரைக் காக்கும். உயிர் தப்பியபின் உரிமையையும் காக்கும். கழுதை வழக்கில் சொந்தக்காரர் வென்றார் என்பது உண்மை. ஆனால் அவருடைய கழுதை திரும்பி வரவில்லை.

கலந்துரையாடலுக்கு:

அ. உங்கள் கிராமத்தில் அண்மையில் நடந்த ஒரு விபத்தை எடுங்கள். காயப்பட்டவரின் பிழை விபத்தை விளைவித்ததா, காயத்தைக் கூட்டியதா, அல்லது இரண்டோடும் தொடர்பற்றதா?

ஆ. அவர் தட்டக்கூடிய கதவுகள் எவை? எதைத் தட்டினார்?

இ. உங்கள் சங்கத்தில் உள்ளவர்களின் கடன் பத்திரங்களோடு விபத்துக் காப்புறுதி உண்டா? அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து, விலக்குகள் எழுதிய பக்கத்தை எல்லோரும் கேட்க ஒருவர் சத்தமாக வாசியுங்கள்.